காலால் பிறந்தவள்

ஈரக்காலுக்கு அடியில் ஒரு மனித முதுகு எப்படி இருக்கும் என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். கரும்பு வெட்டுகிறவர்களின் முதுகு வெயிலில் காய்ந்து சொரசொரவென்று இருக்கும். மளிகைக்கடைக்காரர் வீட்டம்மாவின் முதுகில் கால் வைத்தால் பாதம் புதைந்து, எலும்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மூட்டை தூக்குகிறவர்களின் முதுகிலோ தோள்பட்டைக்குக் கீழே காய்த்துப்போய் இரண்டு மேடுகள் இருக்கும், அவற்றின் மேல் கோணிச் சணலும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையின் மண்ணும் வியர்வையோடு ஒட்டிக்கொண்டு பாதத்தை உறுத்தும். முகத்தைப் பார்க்காமல் முதுகை மிதித்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். இதைக் கேட்டால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், என் பால்ய காலம் அப்படித்தான் போயிற்று.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அங்கே எங்கள் கூரை வீட்டுக்குள், இரண்டு நாள் வலியில் கிடந்து அம்மா என்னைப் பெற்றாள். மற்றக் குழந்தைகள் எல்லாம் தலைகீழாக வந்து பிறக்கும்போது நான் மட்டும் நிமிர்ந்தபடி, கால் முன்னே நீட்டிக்கொண்டு வந்தேனாம். ஊர் மருத்துவச்சி என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தையெல்லாம் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே வெளியே இழுத்தாள் என்று அம்மா சொல்வாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று தெரிந்ததும் அவள் வாசலுக்கு வந்து, "பொண்ணு காலால பொறந்திருக்குது, இனிமே இந்த ஊர்ல எவனும் இடுப்பப் புடிச்சிக்கினு நிக்க வேணாம்" என்று அறிவித்தாளாம். எங்கள் பக்கத்தில் "காலால பொறந்தது" என்றால் அது ஒரு உத்தியோகம். மூச்சுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு எதுவானாலும் அப்படிப் பிறந்தவர்கள் மூன்று தடவை மிதித்தால் விட்டுப்போகும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. பிறந்து நாலு மணி நேரத்துக்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அந்த மிதிக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. பிடிப்பு உள்ளவர் எங்கள் வீட்டு வாசற்படியில் தலையை வெளிப்பக்கம் வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். நான் கால் கழுவி, துடைக்காமல், ஈரத்தோடு வந்து வலி உள்ள இடத்தில் மூன்று தடவை மிதிக்க வேண்டும். மிதித்து முடிகிறவரை நானும் வாய் திறக்கக் கூடாது, படுத்திருப்பவரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் அவர் எழுந்து, திரும்பிப் பார்க்காமல், "வரேன்" என்ற ஒரு சொல்கூடச் சொல்லாமல் போய்விட வேண்டும். சொன்னால் போன பிடிப்பும் கூடவே திரும்பி வந்துவிடுமாம். காசு வாங்கினால் கால் செத்துப்போகும் என்பதால் யாரும் கொடுப்பதில்லை. குணமானபின் ஒரு சீப்பு பழமோ ஒரு முறம் மல்லாட்டையோ வந்து சேரும், அதைத் தம்பி தின்று தீர்ப்பான்.

என் முதல் நோயாளி அப்பாதான். அவரை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். திண்டிவனத்தில் ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கினார். நான் நடை பழகிக்கொண்டிருந்த வயதில் ஒரு நாள் பிடிப்போடு வந்து படியில் படுத்தாராம், அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி அவர் முதுகில் மூன்று அடி நடக்க வைத்தாளாம். நைனா எழுந்து உட்கார்ந்து, தோளைக் குலுக்கிப் பார்த்து, என்னைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொண்டு தெருவையே ஒரு சுற்று சுற்றி வந்தாராம். அதிலிருந்து மண்டியில் அவர் பேச்செல்லாம் என் காலைப் பற்றித்தான். "எங்க ஊட்லயே டாக்டரு வச்சிக்கினு இருக்கறேன், உங்களுக்கு இன்னாய்யா பேஜாரு, ஞாயித்துக்கெழம வாங்க" என்று கூட வேலை செய்கிறவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஐந்தாறு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். நைனா கல்யாண வீட்டுக்காரரைப்போல அவர்களுக்கு நடுவில் அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருப்பார்.

எனக்கு அதில் கர்வம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இந்த மந்திரிப்பது மிதிப்பது எல்லாம் மூடநம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதியே போட்டார். அதே வாரம் விடியற்காலையில் துண்டால் தலையை மூடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து படுத்தார். மறுநாள் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னதற்கு என்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார். கால் பட்டதை மறந்துவிட்டார் பாருங்கள், என்ன மனுஷனோ. பிள்ளைகளோ என் பக்கத்தில் உட்காரப் பயப்படுவார்கள். சண்டை வந்து நான் உதைத்துவிட்டால் அவர்களிடம் இருக்கிற நல்ல எலும்பும் சுளுக்கிக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

நான் மிதித்ததால்தான் எல்லோருக்கும் சரியானதா என்று கேட்டால் இன்றைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன். பிடிப்பு என்பது இரண்டு மூன்று நாளில் தானாகவே விடக்கூடியது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் கரும்பு வெட்டப் போகும் ஒருத்தி மாதத்துக்கு ஒரு தரமாவது வருவாள். அவள் ரவிக்கையை அம்மா கொஞ்சம் மேலே தூக்கிவிட்டபோது முதுகு முழுக்க அடிவாங்கிக் கன்றிப்போன தடிப்புகளைப் பார்த்தேன். அது பிடிப்பல்ல என்று அம்மாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மெதுவாக மிதி என்று அம்மா கண்ணால் காட்டினாள். நான் மிதிக்கவே இல்லை, ஈரப்பாதத்தை மூன்று தடவை வைத்து வைத்து எடுத்தேன். அவள் படியிலேயே வெகுநேரம் படுத்திருந்தாள், அம்மாவும் எழுப்பவில்லை. எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள், அடுத்த மாதமும் வந்தாள். அவளுக்கு என் காலால் ஏதோ கிடைத்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. புரட்டாசி மாதம், மல்லாட்டை அறுவடை முடிந்து மண்டியில் மூட்டைகள் கூரைவரை ஏறி நின்ற சமயம். அந்த நாட்களில் நைனா வீட்டுக்கு வரவே இரவு எட்டு, ஒன்பது ஆகும். அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வரும்போதே வாசற்படியில் தலையை வெளியே வைத்துக் குப்புறப் படுத்துக் கிடந்தார். சட்டை இல்லை. முதுகில் தண்ணீர் தெளித்ததைப்போல வியர்த்திருந்தது. மத்தியானமே வந்துவிட்டார், இரண்டு தோளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கை வரைக்கும் இழுக்கிறதாம் என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள்.

தெருமுனையில் பிள்ளைகள் பாண்டி ஆடக் கட்டம் போட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். என் காலடிச் சத்தம் கேட்டு, முகத்தைத் தூக்காமலே நைனா, "வந்துட்டியா பாப்பா, ஜல்தியா கால் கழுவிக்கினு வா" என்றார். பையை எறிந்தேன். காலைக் கழுவினேன் என்று பேர், ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு ஓடி வந்தேன். ஒரு மிதி. இரண்டாவது மிதி. தெருமுனையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். காலை எடுத்துக்கொண்டு, "போதுமா நைனா?" என்று கேட்டுவிட்டேன்.

நடுவில் பேசக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், நூறு பேரை மிதித்தவள் நான். நைனாவுக்கும் தெரியும்.  ஆனாலும், "போதும்மா, உட்டுடுச்சி, நீ போய் ஆடு" என்றார். கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். சட்டப்படி திரும்பிப் பார்க்காமல், போகிறேன் வருகிறேன் என்று ஒன்றும் சொல்லாமல், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். நான் பாண்டி ஆடப் போய்விட்டேன். மூன்றாவது கட்டம் தாண்டுவதற்குள் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

யாருடைய டெம்போவிலோ போட்டுத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் நைனாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது பிடிப்பு இல்லை, மாரடைப்பு, வழியிலேயே உயிர் போயிருக்கிறது, மத்தியானமே கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அம்மா சுவரில் சாய்ந்தபடி அப்படியே வழுக்கி உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

பதினோரு வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு என்றால் என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று மிதிக்குப் பதில் இரண்டு மிதித்தேன், நடுவில் வாயைத் திறந்தேன், அதனால் என் நைனா செத்துப்போனார் என்பதுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. இரவில் படுக்கும்போது அம்மாவின் பழைய சேலையால் இரண்டு காலையும் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். எட்டாவது படிக்கும்போது உடம்பில் உள்ள இரத்தக் குழாய்களின் படத்தை அந்த அறிவியல் வாத்தியார்தான் கரும்பலகையில் வரைந்து, இதயம் எப்படி நின்றுபோகிறது என்று சொன்னார். புத்தி புரிந்துகொண்டது. காலுக்குப் புரியவில்லை.

ஊர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அவன் நேரம் அவ்ளோதான், புள்ள இன்னா பண்ணும்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். காரியம் முடிந்த மறுவாரமே ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் பின்பக்கமாக ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா வாசலுக்குப் போய், "இனிமே அவ மிதிக்க மாட்டாளுங்க, வேற எடம் பாத்துக்குங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் குரலில் கோபம் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் என் பாதத்துக்கு மஞ்சள் தடவி, விளக்கெண்ணெய் போட்டு நீவிவிடுவாள். நைனா போன பிறகு அவள் கை என் காலில் படவே இல்லை. கொலுசு அறுந்தபோதுகூடத் தம்பியைத்தான் மாட்டிவிடச் சொன்னாள்.

நைனா போனபின் அம்மாவே நாற்று நட்டும் களை பறித்தும் எங்களை வளர்த்தாள். குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு போயிற்று. ராத்திரி புரண்டு படுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள், ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் என்னிடம் ஒரு நாளும் மிதிக்கச் சொன்னதில்லை. நானாகக் கேட்கவும் தைரியம் வரவில்லை. விழுப்புரத்தில் காலேஜ் சேர்ந்த வருஷம் ஒரு நாள், நான் ஏறியிருந்த பஸ் கூட்டேரிப்பட்டு சந்திப்பில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து அம்மா இடுப்பில் கை வைத்தபடி வெளியே வந்துகொண்டிருந்தாள். அந்தப் பஞ்சர் கடைக்காரரும் காலால் பிறந்தவர் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.  சொந்த மகளின் காலை வீட்டில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, யாரோ ஒருவன் காலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டு வருகிறாள். நான் இறங்கவில்லை. சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன், அம்மா என்னை மன்னிக்கவே இல்லை, மன்னிக்கப் போவதும் இல்லை என்று.

அதற்குப் பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. விழுப்புரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மா ஊரில் தம்பியோடு இருக்கிறாள். பண்டிகைக்குப் போவேன், புடவை எடுத்துக்கொடுப்பேன், நன்றாகப் பேசிக்கொள்வோம். நைனாவைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். வாசற்படியில் குப்புறப் படுத்துக் கிடக்கும் மனிதர்களை இப்போது எங்கள் ஊரில் பார்க்க முடியாது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்ப்ரேயைப் புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொண்டு திரிகிறார்கள். அந்தப் பஞ்சர் கடைக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு இனி ஆள் வரப் போவதில்லை, ஏனென்றால் கால் முன்னே நீட்டிக்கொண்டு பிறக்க இப்போது எந்தக் குழந்தையையும் விடுவதில்லை. ஸ்கேனிலேயே பார்த்துவிடுகிறார்கள், நாள் குறித்து ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள். என் அம்மா பட்ட இரண்டு நாள் வலியை நினைத்தால் அது எவ்வளவோ மேல்.

போன மாதம் தம்பி மகளுக்குப் பிரசவம். குழந்தை உட்கார்ந்த நிலையில் இருக்கிறது, கால் கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததால் ஆபரேஷனுக்குச் சொல்லிவிட்டார்கள். உள்ளே கொண்டுபோனபின் நானும் அம்மாவும் சம்பந்தியம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா அது காலால பொறந்ததா ஆவாதில்ல? அந்தக் காலமா இருந்தா ஊருக்கே வைத்தியம் பண்ணியிருக்கும் புள்ள" என்று சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டார். அம்மா வெடுக்கென்று, "ஒண்ணும் ஆவ வேணாம். புள்ள புள்ளயாவே இருக்கட்டும்" என்றாள். சம்பந்தியம்மா முகம் சுண்டிப்போய், போன் பேசுகிற சாக்கில் எழுந்து போனார்.

கொஞ்சநேரம் கழித்து அம்மா என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"செல்வி, அன்னிக்கி உங்க நைனா பன்னண்டு மணிக்கே வந்துட்டாரு."

"தெரியும்மா."

"வந்தவரு படுக்கல. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது, ஒரு மணி பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடறேன்னாரு. நாந்தான் உடல. மருந்த ஊட்லயே வச்சிக்கினு எதுக்குங்க அங்க போய் நிக்கணும், புள்ள நாலரைக்கு வந்துடும், செத்த நேரம் படுங்கன்னேன். வேணாண்டி, இது வேற மாதிரி இருக்குதுன்னாரு. நான் கேக்கல. போட்டிருந்த சட்டைய நானே கழட்டி ஆணியில மாட்டிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பன்னிரண்டிலிருந்து நாலரை வரைக்கும் நாலரை மணி நேரம். அந்த மனிதர் என் காலுக்காகக் காத்துக்கொண்டு படியில் கிடந்திருக்கிறார், ஒரு மணி பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கும். இதை இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, என்னை என் காலோடு தவிக்கவிட்டிருக்கிறாள். "ஏம்மா இத்தினி நாளா சொல்லல?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"சொன்னா உனக்கு அம்மாவும் இல்லாம பூடுமேன்னுதான்" என்றாள்.

"அப்ப கூட்டேரிப்பட்டுக்கு எதுக்குப் போன? என் காலு ஆவலயா உனக்கு?"

அது எனக்குத் தெரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திடுக்கிட்டு அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த மூஞ்சிய வச்சிக்கினுடி உன்ன மிதிக்கச் சொல்றது?" என்று கேட்டாள்.

நானும் சொன்னேன். பாண்டி ஆடுகிற அவசரத்தில் இரண்டுதான் மிதித்தேன் என்று, நடுவில் வாயைத் திறந்து பேசிவிட்டேன் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் காதில் போட்டேன். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி மவளே, அதையா இத்தினி வருஷமா சொமந்துக்கினு இருந்த?" என்று சொல்லி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நைனாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. எனக்கும் அடங்கவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதோம்.

மருந்து வாங்கப் போயிருந்த தம்பி, தூரத்தில் எங்களைப் பார்த்ததும் உள்ளே மகளுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்து, கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "இன்னாக்கா ஆச்சி, சொல்லுக்கா, இன்னா ஆச்சி?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். "நைனா செத்துட்டாருடா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.